உயர்திணைக் கிளாக்கர்

உலக யுத்தத்தில் வெள்ளைக்காரரோடு திருகோணமலையில் முதலில் போர் தொடங்கியவர்கள் ஜப்பான்காரர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்களுக்கும் முந்தித் தொடங்கியவர் எங்கள் உயர்திணைக் கிளாக்கர். துவக்கு இல்லை, விமானம் இல்லை, படை இல்லை. ஒரு மைப்பேனை, ஒரு கறுப்புக் கோட்டு, அந்தக் கோட்டின் பையில் எப்போதும் கொஞ்சம் வாழைப்பழத் தோல். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு சாம்ராச்சியத்தின் இலக்கணத்தோடு மோதினார். பாதி வென்றார் என்றும் சொல்லலாம். அந்தப் பாதி வெற்றியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடிக்கும்போது மனம் எப்படி இருக்கும் என்பது எனக்கு இப்போதே தெரியும்.

அப்போது நான் துறைமுகத்தடியில் ஒரு கந்தோரில் தட்டெழுத்தாளன். யுத்த காலம், பெற்றோலுக்குத் தட்டுப்பாடு. கப்பலில் வந்து இறங்கும் மா மூட்டை, கயிற்றுச் சுருள், பீப்பாய், தகரப் பெட்டி எல்லாவற்றையும் இறங்குதுறையிலிருந்து களஞ்சியங்களுக்குக் கொண்டுபோக மாட்டு வண்டிகளை வாடகைக்கு அமர்த்தியிருந்தார்கள். அந்த வண்டிகளையும் வண்டிக்காரரையும் மாடுகளையும் கவனிப்பதுதான் எங்கள் கந்தோரின் வேலை. ஊரில் அதற்கு வண்டிக் கந்தோர் என்று பெயர். மேலே ஒரு துரை, அவருக்குக் கீழே தலைமைக் கிளாக்கர், அவருக்குக் கீழே நான், எனக்குக் கீழே ஒரு பழைய தட்டெழுத்து இயந்திரம். இந்த நால்வரில் அதிகம் உழைத்தது இயந்திரம்தான்.

விஷயம் என்னவென்றால், ஆங்கிலத்தில் ‘வந்த மனிதன்’ என்று விளக்கி எழுத வேண்டுமானால் நடுவில் ‘ஹூ’ என்ற சொல்லைப் போடுவார்கள். ‘உடைந்த மேசை’ என்றால் ‘விச்’. மாட்டுக்கு எது? பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்த இலக்கணப்படி மாடும் மேசையும் ஒரே கட்சி, இரண்டுக்கும் ‘விச்’. எங்கள் தலைமைக் கிளாக்கர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மாடு, ஆடு, நாய், கழுதை எதைப் பற்றி எழுதினாலும் அழகான சாய்வெழுத்தில் ‘ஹூ’ என்றே எழுதுவார். மனிதருக்கும் தேவருக்கும் மட்டும் உரிய உயர்திணையில் மாட்டையும் ஏற்றி உட்கார வைத்ததால்தான் அவருக்கு அந்தப் பட்டப்பெயர். வைத்தது நான்தான் என்று கந்தோரில் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

துரை கெட்ட மனிதர் அல்லர். ஆனால் காதில் செருகிய சிவப்புப் பென்சில் இல்லாமல் அவரைக் கண்டவர் இல்லை. கிளாக்கர் எழுதி, நான் அடித்து, உள்ளே போகும் கடிதத்தில் மாட்டுக்குப் பின்னால் ‘ஹூ’ இருந்தால் பென்சில் காதிலிருந்து இறங்கும். வெட்டி ‘விச்’ என்று எழுதித் திருப்பி அனுப்புவார். கிளாக்கர் அதைப் பார்த்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, வாக்கியத்தையே வேறு விதமாகத் திருப்பி எழுதி, வேறோர் இடத்தில் ‘ஹூ’வைப் புகுத்திவிடுவார். நான் மறுபடியும் அடிப்பேன். இரண்டு சொல்லுக்கும் முதலெழுத்து டபிள்யூதான். இந்தப் போரில் முதலில் காயப்பட்டது என் இயந்திரத்தின் அந்த எழுத்து. தேய்ந்து தேய்ந்து, கடைசியில் கையால் எழுதி நிரப்ப வேண்டி வந்தது.

ஒரு நாள் பொறுமை கெட்டு, ஐயா, உங்களுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன். அவர் பருத்தித்துறைப் பக்கத்து ஆள். கோபம் வந்தாலும் மரியாதை குறையாது.

“தம்பி, எங்கட தமிழைப் பாருங்கோ. வந்த மனுசன் எண்டும் சொல்லுறம், வந்த மாடு எண்டும் சொல்லுறம். ரெண்டுக்கும் ஒரே ‘வந்த’தான். இந்த இங்கிலீசுக்காரர்தான் படலை வாசலிலயே மறிச்சு வைச்சு, நீ ஆர், என்ன சாதி எண்டு கேக்கினம்.”

வாக்கியத்தை முடிக்கும்போது மனிதன் வந்தான், மாடு வந்தது என்று நாமும்தானே பிரிக்கிறோம் என்று மடக்கினேன். அவர் அசையவில்லை. எங்கள் வீட்டுப் பசு பின்னேரம் திரும்பி வந்தால் அம்மா என்ன சொல்லுவா என்று கேட்டார். ‘லெட்சுமி வந்திட்டாள்’ என்றுதான் அம்மா சொல்லுவா. கிளாக்கர் பேனையை மையில் தோய்த்து, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினார்.

இத்தனைக்கும் அவர் ஒரு கோழி கூட வளர்க்கவில்லை. மனைவி காலமாகி, உட்துறைமுகத்துப் பக்கம் ஒரு அறையில் தனியாக இருந்தார். ஒரு நாயையாவது வளர்க்கக் கூடாதா என்று கேட்டால், சொந்தமென்று ஒன்றை வைத்துக்கொண்டால் எழுத்தில் நடுவுநிலைமை போய்விடும் என்பார். ஏதோ நீதவான் மாதிரி.

எது வரைக்கும் ‘ஹூ’ என்று அவரைச் சீண்டுவது எங்களுக்குப் பொழுதுபோக்கு. மீனுக்கு? உண்டு. ஆமைக்கு? கட்டாயம். நாம் பார்த்தால் திரும்பிப் பார்க்கிற எல்லாவற்றுக்கும் உண்டு என்பது அவர் சட்டம். கருவாட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அன்று முழுக்க யோசித்துவிட்டு, கந்தோர் பூட்டும் நேரத்தில் தீர்ப்புச் சொன்னார். அது கடலில் திரிந்த காலத்தைப் பற்றி எழுதினால் ஹூ, சட்டியில் கிடப்பதைப் பற்றி எழுதினால் விச். பிறகு அவரே மலேரியா வந்து படுத்தார். லீவு கேட்டு எழுதிய கடிதத்தில் நுளம்புகளுக்கு ‘விச்’ போட்டிருந்தார். நான் பெரிய வெற்றியோடு அவருடைய அறைக்குப் போய் அதைத் தூக்கிக் காட்டினேன். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே, தனக்கும் ஒரு எல்லை இருக்கிறது என்றார்.

கோட்டை மான் விவகாரத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கோட்டைக்குள் புள்ளிமான்கள் சர்வசாதாரணமாகத் திரியும். அதில் ஒன்று துரையின் மரக்கறித் தோட்டத்துக்குப் பழகிவிட்டது. கோட்டையிலிருந்த படை அதிகாரிக்கு முறைப்பாடு எழுதும்படி துரை சொன்னார். கிளாக்கர் தன் வழக்கமான மரியாதையோடு, ‘தங்கள் கோட்டைவாசிகளில் ஒருவர், ஹூ, அடிக்கடி எமது வேலி தாண்டி வந்து கோவா இலை உண்கிறார்’ என்று தொடங்கி, அவர் ஒரு மான் என்ற சிறு விவரத்தை இரண்டாம் பக்கத்தின் அடியில் வைத்திருந்தார். துரை அன்று அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். கோட்டை அதிகாரியும் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. குற்றவாளியின் பெயரையும் படைப்பிரிவையும் அறிவித்தால் கடும் தண்டனை கொடுக்கத் தயார் என்று பதில் வந்தது. துரை அன்று சிவப்புப் பென்சிலைச் சீவிய சீவில் அது பாதியாகிவிட்டது.

துரை சறுக்கியது அவருடைய நாயில். கொழும்பில் விட்டு வந்த அந்தத் தொங்குகாது நாயை ரயிலில் இங்கே எடுப்பிக்க வேண்டி, என்னைக் கூப்பிட்டுத் தானே வாய்மொழியாகக் கடிதம் சொன்னார். சொல்லும்போது, ‘என் நாய், ஹூ’ என்று வந்துவிட்டது. நான் அடித்ததைக் கிளாக்கர் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. கடிதத்தை இரு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே போய், இந்த இடத்தில் தட்டெழுத்துப் பிழை ஏதும் உண்டா என்று பணிவாகக் கேட்டார். துரை அதை வாசித்துவிட்டு, அவனுக்குப் பெயர் இருக்கிறது, பெயர் உள்ளவற்றுக்கு அப்படி எழுதலாம் என்றார்.

பெயர்தானே வேண்டும் என்று கிளாக்கர் வெளியே வந்தார். அன்றைக்கே வண்டிகள் நிற்கும் மரத்தடிக்குப் போய் ஒவ்வொரு வண்டிக்காரரிடமும் மாடுகளின் பெயரை விசாரித்தார். அதற்குப் பிறகு கந்தோரிலிருந்து போன கடிதம் எதிலும் வெறும் மாடு கிடையாது.

அப்படித்தான் காதர் நானா எங்களுக்கு நெருக்கமானார். கிண்ணியாவிலிருந்து வந்து துறைமுகத்தடியிலேயே தங்கி வண்டி ஓட்டியவர். அவருடைய சோடி மயிலையும் சிவலையும். மயிலை சாம்பல் நிறம், சிவலை செம்மண் நிறம். கன்றுகளாக இருந்த நாளிலிருந்து ஒரே நுகத்தில் பழகியவை. மயிலைக்கு எங்கள் கந்தோர் யன்னல் மிகவும் பிடிக்கும். தேத்தண்ணி வேளைக்குச் சரியாகத் தலையை உள்ளே நீட்டும். கிளாக்கர் கோட்டுப் பையிலிருந்து வாழைப்பழத் தோலை எடுத்துக் கொடுப்பார். ஒரு நாள் தோல் கொடுக்கத் தாமதமாகியதால் மேசையில் கிடந்த கடித நகல் ஒன்றைத் தின்றுவிட்டான். பாருங்கள், நானே ‘தின்றுவிட்டான்’ என்று எழுதுகிறேன். அந்த மனிதரோடு இருந்தால் யாருக்கும் தொற்றிவிடும்.

சிங்கப்பூர் விழுந்த செய்தி வந்த பிறகு ஊரே மாறிவிட்டது. யன்னல்களுக்குக் கறுப்புக் கடதாசி, தெருவோரமெல்லாம் பதுங்கு குழி. அபாயச் சங்கு ஊதினால் யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு கந்தோரும் உத்தரவு எழுத வேண்டி வந்தது. எங்கள் கந்தோருக்கு ஒரே கேள்விதான். சங்கு ஊதினால் மாடுகளை என்ன செய்வது?

துரைக்குச் சந்தேகமே இல்லை. வண்டியிலிருந்து அவிழ்த்து, களஞ்சியத்துக்குப் பக்கத்தில் மரங்களின் கீழ் வரிசையாகக் கட்டிவிட்டு, வண்டிக்காரர் குழிக்குள் இறங்க வேண்டும். அவிழ்த்துவிட்ட மாடுகள் வீதியில் ஓடினால் தீயணைக்கிற வண்டி எப்படிப் போகும்? அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

காதர் நானாவுக்கும் சந்தேகம் இல்லை. கந்தோர் வாசலில் நின்று சொன்னார்.

“கட்டாதீங்க ஐயா. அவுத்து விட்டா அதுகள் காட்டுப் பக்கம் ஓடிரும். புறகு நாங்க தேடிப் புடிச்சிக்குவம். கட்டிப் போட்டா எங்கால ஓடுற?”

கிளாக்கருக்கும் அது சரியென்று பட்டது. மாடுகளை அவிழ்த்துவிட வேண்டும் என்றும், பொது உத்தரவில் பெயர் சொல்ல வழியில்லாத அந்த மாடுகளுக்கு ‘ஹூ’ என்றும் எழுதி உள்ளே அனுப்பினார். இரண்டும் சிவப்பாகித் திரும்பி வந்தன. மறுபடி எழுதினார், மறுபடி வந்தன. இப்படியே பல நாள் இழுபட்டது. அடித்து அடித்து என் விரல்கள் வீங்கின. துறைமுகத்தில் கப்பல்கள் குவிந்துகொண்டிருந்தன, துரைக்குத் தலைக்கு மேல் வேலை. கடைசியில் ஒரு நாள் அவர் பென்சிலை மேசையில் போட்டுவிட்டு ஒரு சமாதானம் பேசினார். உங்கள் ‘ஹூ’வை விட்டுத் தருகிறேன், இனிமேல் ஒரு நாளும் வெட்ட மாட்டேன். ஆனால் மாடுகளைக் கட்டத்தான் வேண்டும். சம்மதமா?

கிளாக்கர் சம்மதித்தார்.

அறையிலிருந்து வெளியே வந்தபோது மாப்பிள்ளை மாதிரி வந்தார். எல்லோருக்கும் வடையும் தேத்தண்ணியும் எடுப்பித்தார். உத்தரவைத் தானே உட்கார்ந்து எழுதினார். ‘வண்டியிலிருந்து அவிழ்க்கப்பட்ட மாடுகள், ஹூ’ என்று தொடங்கும் அந்த வாக்கியம் இங்கிலீசில் எவ்வளவு அழகாக இருந்தது என்பதை அடித்த நான் சொல்கிறேன். கட்டுவதற்கு நல்ல புதுக் கயிறு களஞ்சியத்திலிருந்து கொடுக்கப்படும் என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்தார். காதர் நானா யன்னலடிக்கு வந்து, என்ன முடிவு, அவிழ்த்து விடலாமாமா என்று கேட்டார்.

“கட்டத்தான் வேணும் நானா,” என்றார் கிளாக்கர். “ஆனா மரியாதையா எழுதியிருக்கு.”

காதர் நானா ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போனார். மயிலை மட்டும் யன்னலில் நின்று வடைக் கடதாசியை நக்கிக்கொண்டிருந்தான்.

சித்திரை வருடப் பிறப்புக்குச் சில நாட்களே இருந்தன. காலை வேளை, வண்டிகள் பாரம் ஏற்ற இறங்குதுறையில் நின்றன. சங்கு ஊதியது. முன்பும் பழக்கத்துக்காக ஊதியிருந்ததால் யாரும் பெரிதாகப் பதறவில்லை. வண்டிக்காரர்கள் உத்தரவுப்படி மாடுகளை அவிழ்த்து, மரத்தடிக்குக் கொண்டுபோய், புதுக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தார்கள். நானும் கிளாக்கரும் காதர் நானாவும் ஒரே குழிக்குள் இறங்கினோம். பிறகு வானம் முழுக்கச் சத்தம். இது பழக்கத்துக்கு ஊதிய சங்கு இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். பக்கத்தில் கிளாக்கரும் ஏதோ முணுமுணுத்தார். தேவாரமாக்கும் என்று நினைத்தேன். கவனித்துக் கேட்டால், மாடுகளின் பெயர்களை ஒன்றன் பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே ஏறி வந்தபோது களஞ்சியக் கூரை எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய்த் தாங்கிகள் இருந்த சீனன்குடாப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. மரத்தடிக்கு ஓடினோம். அங்கே கண்டதை முழுக்க எழுத எனக்கு விருப்பமில்லை. செத்தவை எல்லாம் கட்டின இடத்திலேயே செத்துக் கிடந்தன. மயிலையும் கிடந்தான். பக்கத்து மரத்தில் சிவலை உயிரோடு, கயிற்றை இழுத்து இழுத்துக் கழுத்தெல்லாம் புண்ணாகி, வாயில் நுரை தள்ளி நின்றான். கிளாக்கர் ஓடிப்போய் அவனுடைய முடிச்சைப் பிடித்தார். அவன் இழுத்த இழுவையில் அது இறுகியிருந்தது. நகம் பிய்ந்து இரத்தம் வந்தது, முடிச்சு அவிழவில்லை. காதர் நானாதான் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து அறுத்தார். பிறகு மயிலைக்குப் பக்கத்தில் குந்தி, கழுத்துக் கயிற்றைத் தடவிப் பார்த்தார்.

“கட்டறுக்கப் பாத்திருக்கான் ஐயா,” என்றார். “கயிறு நல்ல கயிறு.”

அவர் குறை சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். கிளாக்கர் அந்தச் சொல்லை வாழ்நாள் முழுக்க மனதில் காவித் திரிந்தார் என்று எனக்குத் தெரியும்.

ஊர் காலியாகிவிட்டது. சனங்கள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பக்கமும் தூரத்து ஊர்களுக்கும் போனார்கள். ஒற்றை மாட்டால் இழுக்க முடியாத வண்டியை விட்டுவிட்டு, காதர் நானா சிவலையை நடத்திக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனார். பல நாட்கள் கழித்து நாங்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து கதிரைகளைத் தூசி தட்டினோம். இறந்த மாடுகளைப் பற்றி அறிக்கை எழுதும்படி துரை கிளாக்கரிடம் சொன்னார்.

அதையும் நான்தான் அடித்தேன். முதல் முறையாக அதில் ‘ஹூ’வும் இல்லை, ‘விச்’சும் இல்லை. எல்லாம் குட்டி வாக்கியங்கள். மயிலை கட்டப்பட்டிருந்தான். அவனால் ஓட முடியவில்லை. கட்டச் சொன்னது நாங்கள். இப்படியே ஒவ்வொரு மாட்டுக்கும். துரை வாசித்தார். கை பழக்கத்தில் காதுக்குப் போயிற்று. பென்சிலை எடுத்தவர் அதை மேசையில் வைத்துவிட்டு, பேனையால் கையெழுத்துப் போட்டு, யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்து கிளாக்கருக்கு ஆறுதல் சொல்ல முயன்றேன். உத்தரவு துரையுடையதுதானே, நீங்கள் என்ன செய்வீர்கள் என்றேன்.

“உத்தரவு துரையின்ர. இங்கிலீசு என்ர,” என்றார். “நான் சொல்லுக்குச் சண்டை பிடிச்சு வெண்டிட்டன் தம்பி. கயிற்றை விட்டுக் குடுத்திட்டன்.”

அவர் மனதை ஆற்றக்கூடிய ஒரு வாக்கியம் எங்கள் கந்தோரில் யாரிடமும் இருக்கவில்லை. எழுத்தே தொழிலாக இருந்த இடத்தில் அது ஒரு பெரிய குறைதான்.

மாடுகளைக் கட்டும் உத்தரவை மாற்ற முடியாது என்று துரை சொல்லிவிட்டார். அது இப்போது மேலிடத்துக் காரியமாகிவிட்டது. ஆனால் கட்ட வேண்டும் என்றுதான் உத்தரவில் இருந்தது, எந்த முடிச்சு என்று இல்லை. அதை எழுதியவருக்குத்தானே அது தெரியும். கிளாக்கர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலோரத்துச் சல்லிக் கிராமத்துக்குப் போய், அங்கே தோணிக்காரர் போடுகிற ஒரு முடிச்சைக் கற்றுக்கொண்டு வந்தார். எவ்வளவு இழுத்தாலும் இறுகாமல், நுனியைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தால் முழுவதும் அவிழ்ந்து கையில் வருகிற முடிச்சு.

கற்றுக்கொண்டார் என்று சொன்னது கொஞ்சம் அதிகம். விரல்கள் பேனைக்குப் பழகியவை, கயிற்றுக்கு வளையவில்லை. கந்தோரில் அவர் கட்டிப் பழகாத சாமான் இல்லை. அலுமாரி கட்டப்பட்டது, கதிரைக் கால்கள் கட்டப்பட்டன, என் தட்டெழுத்து இயந்திரம் மேசையோடு கட்டப்பட்டது. துரை ஒரு நாள் கதிரையிலிருந்து எழுந்தபோது கதிரையும் கூட எழுந்தது. வண்டிக்காரர்களோ பார்த்தவுடனேயே பிடித்துக்கொண்டார்கள். கிளாக்கர் போடுகிற முடிச்சு மட்டும் யாரும் இழுக்காமலேயே அவிழ்ந்துவிடும். மாடுகள் வீதியில் உலாவின, தபாற்கந்தோர் வாசலில் படுத்தன, துரையின் மரக்கறித் தோட்டத்தில் மானுக்குப் போட்டியாக நின்றன. துரை எல்லாவற்றையும் கண்டார். காலடியில் படுத்திருந்த தன் தொங்குகாது நாயைப் பார்ப்பார், பிறகு கோப்பைத் திறந்து வாசிக்கத் தொடங்குவார்.

காதர் நானாவும் திரும்பி வந்தார். சிவலைக்குச் சோடியாக மறையன் என்று ஒரு புதுக் காளை. கிளாக்கர் மறையனை முறைப்படி விசாரித்து, தோல் கொடுத்து, கந்தோர் யன்னலைக் காட்டிக் கொடுத்தார். அவன் அதில் அக்கறை காட்டவில்லை.

அதற்குப் பிறகும் சங்கு அடிக்கடி ஊதும். நாங்கள் எல்லோரும் குழியை நோக்கி ஓட, கிளாக்கர் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடுவார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், கோட்டு பறக்க, வரிசையாக நின்ற மாடுகளின் கயிற்று நுனிகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டே, பெயர் சொல்லி ஓடச் சொல்லுவார். அவையும் ஓடும். சிவலை மட்டும் ஓட மாட்டான். கயிறு விழுந்த பிறகும் மயிலையைக் கட்டியிருந்த அந்தப் பக்கத்து மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கிளாக்கரும் கூட நிற்பார். குழிக்குள்ளிருந்து துரை கத்துவார், நான் கத்துவேன். சிவலை வரட்டும், பிறகு வருகிறேன் என்று பதில் வரும். எங்கள் பக்கம் மறுபடி குண்டு விழவே இல்லை. ஆபத்து நீங்கிய சங்கு ஊதும்வரை இரண்டு பேரும் அப்படியே நிற்பார்கள். குண்டு விழாத நாட்களிலெல்லாம் அந்த முடிச்சு நன்றாக அவிழ்ந்தது.

யுத்தம் முடிந்தது, லொறிகள் வந்தன, வண்டிக் கந்தோரை மூடினார்கள். கிளாக்கர் ஓய்வெடுத்துக்கொண்டு தன் ஊருக்குப் புறப்பட்டார். ஒரு தகரப் பெட்டியும் குடையும்தான் சாமான், நடந்தே ரயிலடிக்குப் போயிருக்கலாம். காதர் நானா விடவில்லை, வண்டி கட்டிக்கொண்டு வந்தார். மறையனுக்குக் காலில் நோவு என்று வேறொருவரின் ஒற்றை மாட்டு வண்டியைக் கேட்டு வாங்கி, சிவலையை மட்டும் பூட்டியிருந்தார். நானும் ஏறிக்கொண்டேன்.

ரயிலடியில் இறங்கியதும் கிளாக்கர் சிவலையின் கழுத்தைத் தடவினார். பழைய புண் இருந்த இடத்தில் மயிர் முளைக்காமல் ஒரு வளையம் கிடந்தது.

“இவன் அந்த நாளை மனசில வைச்சிருப்பானோ நானா?”

“மாடு அதெல்லாம் வெச்சிருக்காது ஐயா.”

கிளாக்கர் தலையை மெதுவாக ஆட்டினார். “அதுதான் எனக்குக் கஷ்டமாக் கிடக்கு. வைச்சிருந்தானெண்டால் ஒருக்கா மன்னிப்புக் கேக்கலாம்.”

காதர் நானா சிவலையை வண்டியிலிருந்து அவிழ்த்து வேலிக் கம்பில் கட்டினார். கிளாக்கர் ரயிலில் ஏறி யன்னலோரம் உட்கார்ந்தார். வழிக்கென்று வாங்கிய வாழைப்பழத்தை அப்போதே உரித்துச் சாப்பிட்டுவிட்டு, தோலை என் கையில் தந்தார். ரயில் ஊதியது. அந்தச் சத்தத்துக்கு மிரண்டு சிவலை தலையை உதறினான். கிளாக்கர் போட்ட முடிச்சு அல்ல, காதர் நானா ஒழுங்காகப் போட்ட தோணிக்காரர் முடிச்சு. ஆனால் நுனி எங்கேயோ மாட்டி இழுபட்டு, கயிறு முழுவதும் அவிழ்ந்து நிலத்தில் விழுந்தது. அவன் ஓடவில்லை. மெதுவாக நடந்து வந்து வேலிக்கு மேலால் தலையை நீட்டிக்கொண்டு, ரயில் வளைவில் திரும்பி மறையும்வரை எங்களோடு நின்றான்.

கந்தோரில் மற்றவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பிப் போனதும், அந்த மனிதரை அனுப்பிவைக்க ஆட்கள் யாராவது வந்தார்களா, நீ மட்டும்தான் போனாயா என்று கேட்டார்கள். மூன்று பேர் நின்று வழியனுப்பினோம் என்று சொன்னேன்.